பன்னிரண்டு கம்பி, இரண்டு கிதார், கவனிக்காமல் விட்ட ஓர் ஆல்பம்: வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டிஷ் ராக் குழுவான ஜெனசிஸின் முதல் கிதார் கலைஞர் ஆன்டனி பிலிப்ஸ். அவருடைய முதல் தனி ஆல்பம் 'தி கீஸ் அண்ட் தி கோஸ்ட்', 1977 மார்ச்சில் வந்தது. ப்ராக் ராக் (செவ்வியல் இசையின் பாணியில் நீளமாக விரியும் ராக் வகை) கேட்பவர்கள் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டிய ஒன்று என்று சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் பாதி ஆல்பத்தைப் பற்றியவை. மறுபாதி, 'அந்தப் பன்னிரண்டு கம்பி ஓசையை நாங்களும் எடுப்பது எப்படி' என்பது. இரண்டுக்கும் இங்கே பதில்.

கேள்வி: ஜெனசிஸின் கிதார் கலைஞர் என்றால் ஸ்டீவ் ஹாக்கெட்தானே? இவர் எங்கிருந்து வந்தார்?

பதில்: ஹாக்கெட் சேர்ந்தது 1971 ஜனவரியில். அதற்கு முன்னால் இருந்தவர் பிலிப்ஸ். இங்கிலாந்தின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் பீட்டர் கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரூதர்ஃபோர்டு ஆகியோருடன் 1967-இல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'ஃப்ரம் ஜெனசிஸ் டு ரெவலேஷன்' (1969), 'ட்ரெஸ்பாஸ்' (1970) என்ற முதல் இரண்டு ஆல்பங்களிலும் வாசித்தார். 'ட்ரெஸ்பாஸ்' கடைக்கு வந்தது அக்டோபரில். ஜூலையிலேயே இவர் விலகிவிட்டார். மேடை பயமும் உடல்நலக் குறைவும் சேர்ந்து அந்த முடிவுக்குத் தள்ளின. பிறகு செவ்வியல் கிதாரும் ஆர்கெஸ்ட்ரா எழுத்தும் படித்தார். தனி ஆல்பத்தில் ஓபோவும் செல்லோவும் ரெக்கார்டரும் ஒட்டவைத்த அலங்காரமாகத் தெரியாமல் உள்ளிருந்தே எழுவதற்கு அந்தப் படிப்புதான் காரணம்.

குழுவை விட்டுப் போனாலும் அவருடைய கைவேலை அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு பன்னிரண்டு கம்பி கிதார்களைப் பின்னி வாசிக்கும் பாணியை வளர்த்தவர்கள் பிலிப்ஸும் ரூதர்ஃபோர்டும். 1971-இல் வந்த 'தி மியூசிக்கல் பாக்ஸ்' அவர்கள் இருவரும் முன்பே செய்துவைத்திருந்த ஓர் இசைத்துண்டிலிருந்து வளர்ந்ததுதான்.

கேள்வி: 1969-70-இல் எழுதிய இசை 1977-இல் வெளிவரக் காரணம் என்ன? அவ்வளவு மெருகேற்றினார்களா?

பதில்: மெருகைவிட நேரமின்மைதான் பெரிய காரணம். பிலிப்ஸ், ரூதர்ஃபோர்டு இருவரின் கூட்டு முயற்சியாகத்தான் இது தொடங்கியது. ரூதர்ஃபோர்டுக்கோ முழுநேர வேலை ஜெனசிஸ். 1974 நவம்பரிலிருந்து அடுத்த மே வரை பெரிய சுற்றுப்பயணம். கேப்ரியல் விலகியதும் புதிய ஆல்பம், மறுபடி பயணம், 1976 இலையுதிர் காலத்தில் நெதர்லாந்தில் இன்னோர் ஒலிப்பதிவு. நடுவில் கிடைத்த இடைவெளிகளில்தான் இது வளர்ந்தது. சர்ரே மாவட்டத்தின் சென்ட் கிராமத்தில் பிலிப்ஸின் பெற்றோர் வீட்டில் நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) டேப் இயந்திரங்களில் அடிப்படைப் பதிவு நடந்தது. பிறகு 'ஆர்கோநாட்' என்ற படகில் அமைந்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வேலை நகர்ந்தது. உடனிருந்த சைமன் ஹேவொர்த், டாம் நியூமன் இருவரும் மைக் ஓல்ட்ஃபீல்டின் 1973 ஆல்பமான 'ட்யூபுலர் பெல்ஸ்' பதிவில் வேலை செய்தவர்கள். கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது அவர்களுக்குக் கைவந்த கலை.

முடித்துக் கையில் எடுத்தபோது வருடம் 1977. பங்க் இசைதான் அன்றைய பேச்சு. பெரிய நிறுவனம் பின்னால் இல்லை. அமெரிக்காவில் பாஸ்போர்ட் என்ற நிறுவனம், பிரிட்டனில் ஜெனசிஸின் மேலாளர் தரப்பு நடத்திய ஹிட் அண்ட் ரன் வெளியிட்டன. பிலிப்ஸோ மேடையேறாத கலைஞர். சுற்றுப்பயணம் போய் விற்க வழியில்லை. 1973-இல் வந்திருந்தால் இதன் கதையே வேறு என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பில் காலின்ஸ் பாடிய ஆல்பம் என்று சொல்லி நண்பர் கொடுத்தார். முக்கால்வாசி வெறும் வாத்தியமாக ஓடுகிறதே?

பதில்: காலின்ஸ் பாடுவது இரண்டே பாட்டில். 'விச் வே த விண்ட் ப்ளோஸ்' முழுக்க அவர் குரல். 'காட் இஃப் ஐ ஸா ஹெர் நவ்' பாட்டில் விவ் மெக்காலிஃப் என்ற பாடகியும் சேர்கிறார். 'கலெக்‌ஷன்ஸ்' பாடலைப் பாடியது பிலிப்ஸே. மற்றவை வாத்திய இசை.

ஒரு வேடிக்கை: பிலிப்ஸ் விலகிய அடுத்த மாதம், 1970 ஆகஸ்டில்தான் காலின்ஸ் ஜெனசிஸில் டிரம்மராகச் சேர்ந்தார். ஆக, குழுவில் ஒருநாளும் சேர்ந்திராத இருவர் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். பின்னாளில் உலகம் கேட்ட அந்த உரத்த குரலை இங்கே தேடாதீர்கள். இது ஒரு டிரம்மர் கூச்சத்தோடு, மெல்ல, கிட்டத்தட்ட காதோரமாகப் பாடும் குரல். எங்களுக்கு அவர் பாடியதிலேயே பிடித்தது இதுதான் என்றால் சண்டைக்கு வருவீர்கள்.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்குவது? நான்கைந்து விதமாகக் கிடைக்கிறதே.

பதில்: என்ன தேவை என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

1990-களின் தொடக்கத்தில் வந்த ஒற்றை சிடி பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். கூடுதலாக 'மாஸ்டர் ஆஃப் டைம்' என்ற டெமோ மட்டும் உண்டு. இசையைக் கேட்க இது போதும்.

2008-இல் வந்த இரட்டை சிடியின் இரண்டாம் வட்டில்தான் விஷயம் இருக்கிறது. பல பாடல்களின் அடிப்படைப் பதிவுகளும் டெமோக்களும் அதில் உள்ளன. காலின்ஸ் பாடி, 1973-இல் சிங்கிளாக வரவேண்டியது வராமலே போன 'சில்வர் சாங்' பாட்டும் அதில் சேர்ந்தது. கிதார் வாசிப்பவர்கள் இதை விடக்கூடாது. ஆர்கெஸ்ட்ராவும் மேல் அடுக்குகளும் ஏறுவதற்கு முன் இரண்டு கிதார்களும் என்ன செய்கின்றன என்பது அந்த அடிப்படைப் பதிவுகளில் தெளிவாகக் கேட்கிறது.

2015-இல் எசோடெரிக் நிறுவனம் வெளியிட்டது மூன்று வட்டு: இரண்டு சிடி, ஒரு டிவிடி. டிவிடியில் 5.1 சுற்றொலி மிக்ஸ். வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்-வூஃபரும் இல்லாதவருக்கு அந்த மூன்றாவது வட்டால் பெரிய லாபம் இல்லை. இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிவிடி பிளேயரின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ டவுன்மிக்ஸ்' போட்டிருந்தால் ஆறு சானலும் இரண்டாகக் கலந்துதான் வெளிவரும். பலர் '5.1 சுமார்தான்' என்று சொல்லிவிட்டுப் போவது இதனால். பிளேயரில் 'பிட்ஸ்ட்ரீம்' தேர்ந்தெடுத்து, ஒலியைப் பிரிக்கும் வேலையை ஆம்ப்ளிஃபயரிடம் விடுங்கள்.

கேள்வி: பழைய எல்பி கிடைத்தது. கீறல் இல்லை. ஆனால் கடைசிப் பாட்டில் பியானோ அழுவதுபோல் சுருதி ஆடுகிறது. ஊசி கெட்டுவிட்டதா?

பதில்: ஊசியைக் குறைசொல்லும் முன் தட்டின் நடுத்துளையைப் பாருங்கள். துளை மையம் தவறியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஊசியடியில் ஓடும் வேகம் கூடிக் குறையும். இந்தப் பிழை விளிம்பில் குறைவாகவும் உள்ளே போகப் போக அதிகமாகவும் கேட்கும். கணக்கு இப்படி: துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், வெளி விளிம்பில் சுருதி ஏறக்குறைய 6 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலும் கீழும் ஆடும். உள் வளையத்தில் அதுவே 14 சென்ட்டைத் தொடும். நீங்கள் சொல்லும் 'ஸ்லீப்ஃபால்' இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. பியானோவை மையமாகக் கொண்டது. வயலினோ குரலோ ஆனால் அசைவு அழகென்று ஒதுக்கிவிடும் காது, பியானோ என்றால் உடனே பிடித்துவிடும்.

சோதிக்க வழி: ஊசி ஓடும்போது டோன்ஆர்மின் தலையை மேலிருந்து பாருங்கள். சுற்றுக்கு ஒரு முறை இடவலமாக அசைந்தால் துளைதான் காரணம். தட்டைச் சுழல்தண்டில் ஒரு பக்கமாகத் தள்ளிவைத்து ஓட்டிப் பாருங்கள். துளை சற்றுத் தளர்வாக இருந்தால் ஓரளவு சரியாகும். துளையை அரத்தால் பெரிதாக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் திரும்பப்பெற முடியாத வேலை அது.

அசைவு இல்லாமல் கரகரப்பும் 'ஸ்' ஒலிச் சிதறலும் மட்டும் இருந்தால் அது உள்வளையச் சிக்கல். 33⅓ சுற்றில் வெளி விளிம்பில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே 21 செ.மீ. மட்டும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிக் கிடக்கிறது. இந்த ஆல்பத்தின் பக்கங்கள் 23, 24 நிமிடம் ஓடுவதால் பள்ளங்கள் கடைசி வரை போகின்றன. முதல் பக்கக் கடைசியில் இருப்பது இரட்டைக் குரல் பாட்டு என்பது கூடுதல் சோதனை. கார்ட்ரிட்ஜ் கோணத்தை அளவுத்தகடு வைத்துச் சரிசெய்து, ஊசி எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்ற நம்பிக்கை தவறு. பிடிப்பில்லாமல் துள்ளும் ஊசிதான் பள்ளத்தின் சுவரைக் கெடுக்கும்.

கேள்வி: செயலியில் கேட்கிறேன். சில பாட்டுக்கு நடுவே வெட்டு விழுகிறது; ஒலி வேறு ரொம்பச் சின்னதாக இருக்கிறது.

பதில்: பாடல்களை இடைவெளியின்றி ஓட்டும் 'கேப்லெஸ்' என்ற அமைப்பை இயக்குங்கள், ஒன்றின் முடிவை அடுத்ததோடு கலக்கும் 'கிராஸ்ஃபேட்' அமைப்பை அணையுங்கள், வரிசையைக் கலைக்கும் 'ஷஃபிள்' பக்கமே போகாதீர்கள். 46 விநாடியே ஓடும் 'சைனீஸ் மஷ்ரூம் க்ளவுட்' தலைப்பு இசைக்கு வாசல். 'கலெக்‌ஷன்ஸ்' முடிந்து 'ஸ்லீப்ஃபால்' தொடங்குவதும் ஒரே மூச்சு. பிரித்துக் கேட்டால் இரண்டும் பாதிதான். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியையும் 'பாடல்வாரி' என்பதிலிருந்து 'ஆல்பம்வாரி' என்று மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். அளவு வைக்க, முதல் பக்கத்தில் உள்ள 'ஹென்றி' என்ற நீண்ட தொகுப்பின் போர்ப் பகுதியை ஓட்டி, அது காதை உறுத்தாத இடத்தில் குமிழை நிறுத்தி, பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய பகுதிகள் மெல்லியதாகத்தான் கேட்கும். அது பழுதல்ல.

கேள்வி: பன்னிரண்டு கம்பி கிதார் வைத்திருக்கிறேன். நண்பரிடமும் ஒன்று இருக்கிறது. இருவரும் ஒரே கார்டை வாசித்தால் ஆல்பத்தில் வருவதுபோல் மின்னாமல் சத்தக்குழம்பாக வருகிறது. எங்கே தவறு?

பதில்: 'ஒரே கார்டை' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே கார்டு, ஒரே இடம், ஒரே தட்டல் என்று இருபத்துநான்கு கம்பியும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொண்டால் குழம்பாமல் என்ன செய்யும்? பின்னுவதற்கு இரண்டு இழையும் வெவ்வேறு உயரத்தில் ஓட வேண்டும்.

கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே பிரெட்டில், அதாவது கழுத்தின் ஒரே கட்டத்தில், அழுத்திப் பிடிக்கும் கவ்வி) வைத்துத் தொடங்குங்கள். டி சுருதியை எடுத்துக்கொள்வோம். முதல் கிதார் கேப்போ இல்லாமல் டி, ஏ, பி மைனர், ஜி என்று போகட்டும். இரண்டாவது கிதார் 7-ஆம் பிரெட்டில் கேப்போ போட்டு ஜி, டி, இ மைனர், சி வடிவங்களைப் பிடிக்கட்டும். ஒலிப்பது அதே நான்கு கார்டுதான். ஆனால் ஸ்வரங்கள் வேறு ஸ்தாயியில், வேறு வரிசையில் விழும். 7 மிகவும் கீச்சென்றால் 5-ஆம் பிரெட்டில் கேப்போ போட்டு ஏ, இ, எஃப் ஷார்ப் மைனர், டி. 2-ஆம் பிரெட்டில் போட்டு சி வடிவத்தில் தொடங்கினாலும் டி வரும். ஆனால் அது முதல் கிதாரோடு ஒட்டி நிற்கும், பின்னல் தெரியாது. (இது பயிற்சிக்கான கார்டு வரிசை, ஆல்பத்தில் உள்ளதன் நகல் அல்ல.)

அடுத்தது தாளப் பிரிப்பு. எட்டு எண்ணிக்கையில் ஒருவர் 3+3+2 என்று அழுத்தம் கொடுத்தால் மற்றவர் 2+3+3 என்று கொடுக்கட்டும். இருவரும் தட்டுவதைக் குறைத்து, கம்பிகளைத் தனித்தனியாக மீட்டுங்கள். ஒருவர் தட்டியே ஆக வேண்டிய இடத்தில் மற்றவர் ஒற்றை வரியில் நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முழுக் கார்டையும் அடிப்பது உச்சத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சேர்ந்து ஒலிக்கும் ஆதார ஸ்வரம். பன்னிரண்டு கம்பிகளும் ஆறு ஜோடிகளாக இருக்கும். முதல் கிதாரில் 4-ஆம் ஜோடி, திறந்த டி, விடாமல் ஒலிக்கட்டும். மேலே கார்டு ஏ ஆனாலும் ஜி ஆனாலும் கீழே டி நகரக்கூடாது. தம்பூராவின் காரியத்தைச் செய்யும் அந்த ஒரு ஸ்வரம்தான் மேலே நடக்கும் மாற்றங்களுக்கு ஏக்கம் கொடுக்கிறது. ஆரம்பகால ஜெனசிஸ் முழுக்க இந்த உத்தி கிடக்கிறது.

இனி, பலர் கவனிக்காத ஒன்று. பெரும்பாலான பன்னிரண்டு கம்பி கிதார்களில் கீழ் நான்கு ஜோடிகளிலும் மெல்லிய ஸ்தாயிக் கம்பி (தடித்ததைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது) கட்டைவிரல் பக்கம் இருக்கும். கீழ்நோக்கி அடித்தால் மெல்லியது முதலில் ஒலிக்கும், மேல்நோக்கி இழுத்தால் தடித்தது. ரிக்கன்பாக்கர் கிதார்களில் இது தலைகீழ். ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழும் பிக் (மீட்டும் தகடு) ஓட்டும்போது ஒவ்வொரு ஸ்வரமும் வேறு நிறத்தில் வரும். மின்னல் வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே மீட்டுங்கள். பிக் 0.60-லிருந்து 0.73 மி.மீ. வரை போதும், ஒரு மில்லிமீட்டர் பிக் ஜோடியின் இரண்டு கம்பியையும் ஒரே அடியில் நசுக்கிவிடும்.

கேள்வி: மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பி மட்டும் அடிக்கடி அறுகிறது. சுருதி சேர்த்து முடிப்பதற்குள் முதலில் சேர்த்தது கலைந்துவிடுகிறது.

பதில்: அந்தக் கம்பிதான் கிதாரிலேயே மிக உயரமான சுருதியில் நிற்பது, முதல் கம்பியைவிட மூன்று அரைச்சுரம் மேலே. தடிமனோ 0.008 அல்லது 0.009 அங்குலம். அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் அது எப்போதும் வாழ்கிறது. ஒரே இடத்தில் அறுந்தால் கம்பியின் மேல் குற்றமில்லை. முறுக்காணி அருகே என்றால் அங்கே கூர்முனை இருக்கிறது; மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் கட்டை) பள்ளத்தில் என்றால் பள்ளம் குறுகல்; கம்பி கவ்விக்கொண்டு, திருகும்போது டக்கென்று தாவுகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தடவுங்கள்.

கலைவதற்குக் காரணம் இழுவிசை. மெல்லிய ரகப் பன்னிரண்டு கம்பித் தொகுப்பு மொத்தமாக ஏறக்குறைய 110 கிலோ விசையில் கழுத்தை இழுக்கிறது. ஆறு கம்பியில் இது 75 கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு கம்பியை ஏற்றும்போதும் கழுத்து துளி வளைந்து, மற்றவை இறங்குகின்றன. எனவே ஜோடி ஜோடியாகச் சேர்க்காதீர்கள். முதல் சுற்றில் ஆறு முதன்மைக் கம்பிகளை மட்டும் சேருங்கள். இரண்டாம் சுற்றில் துணைக் கம்பிகள், மூன்றாம் ஜோடியின் மெல்லியது கடைசியாக. மூன்றாம் சுற்றில் பன்னிரண்டையும் மறுபடி பாருங்கள். ஒரு கம்பியைச் சேர்க்கும்போது அதன் ஜோடியை விரலால் தொட்டு அடக்குங்கள். இரண்டும் ஒலித்தால் கிதாரின் தலையில் மாட்டும் டியூனர் குழம்பும்.

அதைவிட நல்லது, முழுக் கிதாரையும் ஒரு முழுச்சுரம் இறக்கிவிட்டு, 2-ஆம் பிரெட்டில் கேப்போ போட்டுக்கொள்வது. கம்பியும் பிழைக்கும், கிதாரின் பாலமும் (பிரிட்ஜ்) பிழைக்கும். கேப்போ திருகு வகையாக, ரப்பர் மெத்தென்று இருக்கட்டும். ஜோடியில் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிசு என்பதால் விறைப்பான கேப்போ மெல்லிய கம்பியை முழுதாக அழுத்தாது. 'ஸ்ஸ்' என்று இரையும். கேப்போ போட்டபின் சுருதியை மறுபடி பாருங்கள். தடித்த கம்பிகள் ஏறியிருக்கும். இருவர் வாசிக்கும்போது இருவரும் ஒரே டியூனரில் சேர்ப்பது முக்கியம். ஒருவர் கிதாரைக் கேட்டு மற்றவர் சேர்த்தால் முதல்வரின் பிழையும் சேர்ந்து வரும்.

கேள்வி: பன்னிரண்டு கம்பி கிதார் வாங்க வசதியில்லை. ஆறு கம்பியில் வழி உண்டா?

பதில்: உண்டு, பதிவில் மட்டும். ஒரு பன்னிரண்டு கம்பித் தொகுப்பு வாங்கி, அதிலுள்ள மெல்லிய கம்பிகளை மட்டும் ஆறு கம்பி கிதாரில் கட்டுங்கள்: 6-லிருந்து 3 வரை ஸ்தாயிக் கம்பிகள், 2-ம் 1-ம் வழக்கம்போல். இதற்கு 'நாஷ்வில் டியூனிங்' என்று பெயர். முதலில் சாதாரணக் கம்பியில் ஒருமுறை பதிந்து, பிறகு இந்தக் கம்பியில் அதையே மறுபடி பதிந்து, இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு கம்பி ஓசை வரும். ஒலி அகலத்தில் அசலையும் மிஞ்சும். மேடையில் இது உதவாது.

கேள்வி: வீட்டில் பழைய நான்கு டிராக் ரீல் இயந்திரம் இருக்கிறது. அவர்கள் செய்ததுபோல் அடுக்கிப் பதிய ஆசை. நான்கு டிராக்கில் அவ்வளவு கருவியை எப்படி ஏற்றினார்கள்?

பதில்: அவர்களிடம் இருந்தது ஒன்றல்ல, இரண்டு இயந்திரம். அதுதான் பெரிய வேறுபாடு.

ஒற்றை இயந்திரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். 1, 2, 3 டிராக்குகளை நிரப்பி, அவற்றை 4-இல் கலந்து, முதல் மூன்றையும் அழித்துப் புதிதாகப் பதிவீர்கள். கலக்கும்போது பழைய டிராக்குகள் 'ஸிங்க்' நிலையில், அதாவது பதிவுத்தலை வழியாகவே ஒலிக்கின்றன. அந்தத் தலை வாசிப்புக்காகச் செய்ததல்ல. மேல் அலைவரிசை குறைந்துதான் வரும். பன்னிரண்டு கம்பியின் உயிரே மேல் அலைவரிசையில் இருக்கும்போது இது பெரிய இழப்பு. அதோடு 3-ஆம் டிராக்கை ஒட்டிய 4-இல் ஏற்றும்போது தலைக்குள்ளேயே ஒலி கசிந்து சுழன்று ஊளையிடலாம். பக்கத்து டிராக்கின் அளவைக் குறைத்துத்தான் தப்பிக்க வேண்டும்.

இரண்டு இயந்திரம் இருந்தால் முதலாவதில் நான்கு டிராக்கையும் நிரப்பி, வாசிப்புத்தலை வழியாக முழுத் தரத்தோடு, இரண்டாவதின் இரண்டு டிராக்கில் ஸ்டீரியோவாகக் கலக்கலாம். அங்கே மீதி இரண்டு டிராக் காலி. மேலே இரண்டு கருவி ஏற்றலாம். போதவில்லையானால் மறுபடி முதலாவதுக்கு. ஒவ்வொரு நகலிலும் டேப் இரைச்சல் கூடும். ஒரு நகலுக்குச் சுமார் 3 டெசிபெல், இரண்டாவதில் ஏறக்குறைய 5. மூன்றாவது நகலுக்கு மேல் போகாதீர்கள்.

எதை முதலில் பதிவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுவார்கள். நகலாக நகலாக மேல் அலைவரிசை மங்கும். ஆகவே பாஸ், ஆர்கன், மங்கலான செல்லோ போன்றவை முதலில். பளிச்சென்று வேண்டியவை கடைசியில். இங்கே ஒரு முரண்: இந்த வகை இசையில் அடித்தளமே கிதார்தான். தாளத்தைப் பிடித்துப் போகும் கிதாரை முதலில் பதியாமல் மற்றவர் எதைக் கேட்டு வாசிப்பார்? ஒரு தற்காலிகக் கிதாரைப் பதிந்து, அதன்மேல் பாஸும் ஆர்கனும் ஏற்றி, நகலெடுக்கும்போது அந்தக் கிதாரை விட்டுவிட்டு, கடைசியில் புதிதாக வாசியுங்கள். பொறுமை வேண்டும். மெட்ரோனோம் இல்லாமல் வேகம் ஏறி இறங்கும் இசையானால், மறுவாசிப்புக்கு முன் தற்காலிகப் பதிவைப் பலமுறை கேட்டு மனப்பாடம் செய்யுங்கள்.

கலக்கியபின் அளவுகளை மாற்ற முடியாது. எனவே கலக்கும்போது பின்னால் போகவேண்டிய கருவியைச் சற்றுக் கூடுதலாகவே வையுங்கள். மேலே இன்னும் நான்கு கருவி ஏறினால் அது தானாக அமிழ்ந்துவிடும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. ஓர் இயந்திரத்தில் பதிந்த டேப்பை அதே இயந்திரத்தில்தான் ஓட்டவேண்டும். இரண்டுக்கும் வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி 17 சென்ட் நகரும், அதன்மேல் பியானோ ஏற்றினால் ஒட்டவே ஒட்டாது. ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் தலைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். டேப் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளைப் பதிந்து வைத்தால் நகலில் எவ்வளவு இழந்தீர்கள் என்று மீட்டரே சொல்லும். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் 1,200 அடி ரீல் 16 நிமிடம்தான் ஓடும். இந்த ஆல்பத்தின் தலைப்பு இசை பதினைந்தரை நிமிடத்துக்கு மேல்! அதுபோல் நீளமாக யோசிப்பவர்கள் ரீல் வாங்கும்போதே யோசியுங்கள்.

கேள்வி: கணினியில் பதிகிறேன். மைக் எங்கே வைப்பது?

பதில்: 12-ஆம் பிரெட்டுக்கு எதிரே, 25-30 செ.மீ. தள்ளி, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்தபடி. ஒலித்துளையை நேராகப் பார்க்க வைத்தால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிப் பானைக்குள் பேசுவதுபோல் 'பூம்' என்று வீங்கும். இருவரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தால் மைக் கிதாரிலிருந்து 30 செ.மீ. என்றால் மைக்குகளுக்கிடையே 90 செ.மீ.-க்குக் குறையக்கூடாது, குறைந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் தாமதமாக விழுந்து, கலக்கும்போது மெலிந்துபோகும். கலக்கும்போது ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் என்று பிரியுங்கள். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். பிக் படும் 'டிக்' ஒலிதான் மேலே வரும்.

கேள்வி: வாத்துக்கும் ஆவிக்கும் இந்த இசைக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: கதை எதுவும் இல்லை. ஆர்ப் ப்ரோ-சோலோயிஸ்ட் என்ற சின்தசைசரில் கிடைத்த இரண்டு ஒலிகள்: ஒன்று வாத்துக்கூட்டம்போல, இன்னொன்று ஆவிபோல. 1972-இல் அறிமுகமான கருவி, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஜெனசிஸில் டோனி பேங்க்ஸும் பயன்படுத்தினார். தலைப்புக்கு வித்திட்ட அந்த ஒலிகளை 2008 பதிப்பின் இரண்டாம் வட்டில் அரை நிமிடத் துண்டாகச் சேர்த்திருக்கிறார்கள். பீட்டர் கிராஸ் வரைந்த அட்டைப்படத்தைப் பார்த்துப் புராணக்கதை தேடிய ரசிகர்கள் ஏமாந்திருப்பார்கள். அட்டையில் உள்ள கலைஞர் பட்டியலிலும் குறும்பு உண்டு. டாம் நியூமனின் பெயருக்கு எதிரே 'பல்க் இரேஸர்', அதாவது டேப்பை மொத்தமாக அழிக்கும் கருவி, வாத்தியமாகப் போட்டிருக்கிறது.

கேள்வி: ஒரே மூச்சில் கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: 'விச் வே த விண்ட் ப்ளோஸ்', பிறகு 'ஸ்லீப்ஃபால்', அதன்பின் தலைப்பு இசை. இந்த மூன்றும் பிடிக்கவில்லையென்றால் ஆல்பத்தை விட்டுவிடலாம். 12 நிமிட 'ஹென்றி' தொகுப்பைக் கடைசிக்கு வையுங்கள். ட்யூடர் காலச் சித்திரங்களாக அமைந்த அதில் லூட் ஓசை வரும் பகுதியும், போரில் விழுந்த வீரனுக்கான பகுதியும் உயர்தரம். படை கிளம்பும் பகுதி எங்களுக்கு இன்றும் சற்று அட்டைக்கத்தியாகத்தான் படுகிறது. மின்கிதார் தனி ஆவர்த்தனமும் டிரம் அதிரடியும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ப்ராக் ராக்கே அல்ல என்று தோன்றும். அவர்கள் ஹாக்கெட்டின் 'வாயேஜ் ஆஃப் தி அகோலைட்' (1975) பக்கம் போகலாம். அதிலும் காலின்ஸும் ரூதர்ஃபோர்டும் வாசித்திருக்கிறார்கள்.

கேள்வி: இதற்குப் பிறகு?

பதில்: பிலிப்ஸின் 'வைஸ் ஆஃப்டர் தி ஈவன்ட்' (1978): ரூபர்ட் ஹைன் தயாரிப்பு, மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ், எல்லாவற்றையும் பிலிப்ஸே பாடுகிறார். குரல் பழக நேரமாகும். வாத்திய இசை மட்டும் போதுமென்றால் 'ப்ரைவேட் பார்ட்ஸ் அண்ட் பீசஸ்' வரிசையின் முதல் தொகுப்பு. ரூதர்ஃபோர்டின் பங்கு எவ்வளவு என்று அறிய அவருடைய 'ஸ்மால்க்ரீப்ஸ் டே' (1980) கேளுங்கள். அதில் பிலிப்ஸ் கீபோர்டு வாசிக்கிறார், கிதாரைத் தொடவில்லை.